1 செகண்ட் ஸ்டெப் வச்சா ஹீட்டர் சூடே ஆகல, ராத்திரி முழுக்க ஓடுற காப்பி டிரையரை எப்படி சிமுலேட் பண்றது?

மிளகுக்கொடி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு ஏற்காட்டுல நாகலூர் பக்கம், ரெண்டரை ஏக்கர் காப்பி, ஊடால சில்வர் ஓக் மரத்துல மிளகு. வீட்டுக்கு ஒரே பொண்ணு, சேலத்துல மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். டிசம்பர் வந்துட்டாலே வீட்ல ஒரே கவலை தான், பழம் பறிச்சு பல்பர்ல போட்டு கழுவி களத்துல பரப்புனா அன்னிக்குன்னு பாத்து பனி இறங்கும், ரெண்டு நாள் வெயிலே எட்டிப் பாக்காது, அம்மா தார்ப்பாயை மூடறதும் தொறக்கறதுமாவே இருப்பாங்க, போன வருஷம் ஒரு லாட் முழுக்க பூசண வாசம் ஏறி பாதி விலைக்குத் தான் போச்சு. அதான் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன கரண்ட் டிரையர் பண்ணிட்டு இருக்கேன். ஜி.ஐ. ஷீட்ல பொட்டி, அஞ்சு தட்டு, 20 கிலோ ஈர பார்ச்மென்ட் (பழத்தோல் போய் உள்தோலோட இருக்கற கொட்டை) பிடிக்கும், 2000 வாட் ஃபின் ஹீட்டர் ஒண்ணு, பின்னாடி ரெண்டு 12 வோல்ட் டி.சி. ஃபேன். ராத்திரி 8 மணிக்குப் போட்டா காலைல 6 மணி வரைக்கும், 10 மணி நேரம். காப்பி 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, தாண்டுனா கப்புல ருசி போயிடும்.

பொட்டி செய்யறதுக்கு முன்னாடி எல்மர்ங்கற சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல சிமுலேட் பண்ணிப் பாக்கலாம்னு உக்காந்தேன். ஹீட்டருக்கு நம்ம வீட்டு சப்ளையை அப்படியே குடுத்தேன், 325 வோல்ட் பீக், 50 ஹெர்ட்ஸ் சைன் வேவ். டைம் ஸ்டெப் (எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவ கணக்குப் போடணுங்கறது) 1 மில்லிசெகண்ட் வச்சு சாயங்காலம் ஓட விட்டுப் படுத்தேன், 9 மணி நேரம் கழிச்சு பாத்தா சிமுலேஷன்ல 4 நிமிஷம் தான் ஓடிருக்கு. கணக்குப் போட்டா 10 மணி நேரத்துக்கு 56 நாள் ஆகும்! சரி ஸ்டெப்பை பெருசாக்கலாம்னு 1 செகண்ட் வச்சேன், சீக்கிரம் முடிஞ்சுது, ஆனா ஹீட்டர் 16 டிகிரிலயே நிக்குது, 10 மணி நேரம் ஆகியும் ஒரு டிகிரி கூட ஏறல. 0.1 செகண்ட் வச்சேன், அதே தான். பவுண்டரி கண்டிஷன், மெட்டீரியல், எல்லாத்தையும் மூணு தடவ சரி பாத்துட்டேன், தப்பு எங்கன்னே தெரியல. அடுத்த வாரம் ரிவ்யூ இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வெள்ளைக்கல்:

உங்க மாடல்ல தப்பு ஒண்ணும் இல்லீங்க, நீங்க எந்த நேரத்துல வோல்டேஜை எட்டிப் பாக்கறீங்கங்கறது தான் பிரச்சினை. 50 ஹெர்ட்ஸ்னா ஒரு சுத்துக்கு 20 மில்லிசெகண்ட். 1 செகண்ட்ல கரெக்டா 50 சுத்து முடிஞ்சிருக்கும், அப்ப சைன் வேவ் எங்க இருக்கும்? சைபர்ல. அடுத்த செகண்ட்லயும் சைபர், அதுக்கு அடுத்ததும் சைபர். சால்வர், அதாவது கணக்குப் போடற ப்ரோக்ராம், கண்ணைத் தொறக்கற ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் சைபரா இருக்கு, நடுவுல நடந்தது எதுவும் அதுக்குத் தெரியாது, அதனால சூடும் சைபர். 0.1 செகண்ட்னா 5 சுத்து, அதே கதை. இதுவே 5 மில்லிசெகண்ட் வச்சிருந்தா சைபர், பீக், சைபர், பீக்னு மாத்தி மாத்தி பாத்து சராசரி தற்செயலா சரியா வந்திருக்கும், 1.003 செகண்ட் வச்சிருந்தா ஒவ்வொரு ஸ்டெப்பும் வேவ்ல வேற வேற இடத்துல விழுந்து வாட் கன்னாபின்னான்னு ஏறி எறங்கி இருக்கும். சைபர் வந்ததனால நீங்க சந்தேகப்பட்டீங்க, நல்லதாப் போச்சு, அரைகுறையா ஒரு நம்பர் வந்திருந்தா அதை நம்பி ரிப்போர்ட் எழுதிருப்பீங்க.

இப்ப சரி பண்றது எப்படின்னா, சைன் வேவையே தூக்கிப் போட்டுடுங்க. உங்க வேலைல ரெண்டு கடிகாரம் ஓடுது. கரண்ட் 20 மில்லிசெகண்ட்ல சுத்துது, பொட்டியும் காப்பியும் மணிக்கணக்குல சூடாகுது. 10 மணி நேரத்துல 18 லட்சம் சுத்து, ஒரு சுத்துக்கு 20 புள்ளி வச்சா 3 கோடியே 60 லட்சம் ஸ்டெப், அதைப் போட்டு எந்த கம்ப்யூட்டரையும் வதைக்க வேண்டாம். சூடுக்கு வேண்டியது ஒரு சுத்தோட சராசரி வாட் மட்டும் தான். வாட்ங்கறது வோல்டேஜ் ஸ்கொயர் வகுத்தல் ரெசிஸ்டன்ஸ், சைன் ஸ்கொயரோட சராசரி பாதி, 325 ஸ்கொயர்ல பாதியை எடுத்து ரூட் போட்டா 230 வருதா, அது தான் ஆர்.எம்.எஸ். 230 வோல்ட் டி.சி. குடுத்தா எவ்வளவு சூடு வருமோ அதே சூடு தான் நம்ம வீட்டு ஏ.சி.லயும் வரும், ஆர்.எம்.எஸ்.க்கு அர்த்தமே அதான். அதனால எல்மர்ல ஸ்டேட்டிக் கரண்ட் சால்வரை அப்படியே வச்சு சைன் இல்லாம வெறும் 230னு குடுங்க, டைம் ஸ்டெப் 10 செகண்டோ 60 செகண்டோ வைங்க.

இப்படி சராசரி எடுத்தா நிஜமா சரியான்னு உங்க கைடு கேப்பாங்க, அதுக்கும் கணக்கு வச்சுக்கங்க. 2000 வாட்டுக்கு ரெசிஸ்டன்ஸ் 26.45 ஓம். உள்ள இருக்கற நிக்ரோம் கம்பி அரை மில்லிமீட்டர் கனம்னு வச்சா நீளம் 4.7 மீட்டர், எடை 8 கிராம் கூட வராது. வாட் ஒரு செகண்டுக்கு 100 தடவ ஏறி எறங்குது, அந்த ஏத்த எறக்கத்துல இந்த 8 கிராம் கம்பியோட டெம்பரேச்சர் எவ்வளவு ஆடும்னு போட்டுப் பாத்தா மேல ஒரு டிகிரி, கீழ ஒரு டிகிரி, அவ்வளவு தான். கம்பியே பல நூறு டிகிரில இருக்கு, அதுல ஒரு டிகிரி ஆட்டம். கம்பியைச் சுத்தி வெள்ளைப் பவுடர் அடைச்சிருப்பாங்க இல்ல, மேக்னீசியம் ஆக்சைடு, நம்ம சேலத்துல தோண்டற வெள்ளைக்கல்லைச் சுட்டா கிடைக்கற அதே பொருள் (என் பேரும் அதான்), அந்தப் பவுடரையும் மேல இருக்கற குழாயையும் தாண்டி வர்றதுக்குள்ள அந்த ஆட்டம் சுத்தமா செத்துடும். காப்பிக்கொட்டைக்கு அது சைன் வேவா டி.சி.யான்னு தெரியவே தெரியாது.

இந்த சராசரி எல்லா இடத்துலயும் செல்லாது, அதையும் தெரிஞ்சுக்கங்க. பழைய குண்டு பல்பு இழை ரொம்ப மெல்லிசு, அதுல ஆட்டம் ஜாஸ்தி, அதோட குளிர்ந்த இழைக்கும் எரியற இழைக்கும் ரெசிஸ்டன்ஸ் பத்து மடங்குக்கு மேல மாறும், அங்க கவனமா இருக்கணும். வெள்ளி உருக்கற இண்டக்‌ஷன் ஃபர்னஸ் மாதிரி ஃப்ரீக்வென்சி ஜாஸ்தியான இடத்துல கரண்ட் மேல்தோல்லயே ஓடும், அங்க ஸ்டேட்டிக் சால்வர் உதவாது, ஃப்ரீக்வென்சி டொமைன்ல கரண்டைக் கணக்குப் போட்டு அதோட சராசரி சூடை மட்டும் டெம்பரேச்சர் சால்வருக்குக் குடுக்கணும். காம்சால்ங்கற இன்னொரு சிமுலேஷன் சாஃப்ட்வேர்ல ஃப்ரீக்வென்சி-டிரான்சியன்ட்னு ஒரு ஸ்டடியே இதுக்குன்னு இருக்கு. அங்க ஒரு பள்ளம் உண்டு, அது கேக்கற வோல்டேஜ் பீக், 230னு போட்டா பாதி சூடு தான் வரும், 325 போடணும். உங்க நிக்ரோமுக்கு 50 ஹெர்ட்ஸ்ல தோல் ஆழம், அதாவது கரண்ட் ஓடற அந்த மேல்தோலோட ஆழம், 75 மில்லிமீட்டர் வருது, கம்பியோ அரை மில்லிமீட்டர், அதனால உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

ஜவ்வரிசி_ஆத்தூர்:

நல்லா சொன்னீங்க. எங்க மில்லுலயும் இதே மாதிரி ஒரு சின்ன எலக்ட்ரிக் டிரையர் டிரை பண்ணோம். ஆனா தங்கச்சி, மலை மேல 230 எங்க நிக்குது, ராத்திரி 7 மணிக்கு எல்லாரும் ஹீட்டரு மோட்டருன்னு போட்டா விழுந்துடும். ஒண்ணு பண்ணு, ஒரு நாள் ராத்திரி முழுக்க மீட்டரை வச்சு வோல்டேஜ் எழுதிட்டு, எல்லாத்தையும் கூட்டி வகுத்து ஆவரேஜ் வோல்டேஜ் எடுத்து அதைப் போட்டுடு. ஈஸி. நான் அப்படித் தான் பண்ணேன்.

வெள்ளைக்கல்:

அண்ணா, வோல்டேஜ் எழுதி வைக்கறது ரொம்ப சரி, இந்த த்ரெட்லயே அது தான் முக்கியமான விஷயம்னு சொல்வேன், ஆனா வோல்டேஜை சராசரி எடுக்கறது தப்பு. உங்க மில்லுல எட்டு மணி நேரம் ஓடுதுன்னு வைங்க, நாலு மணி நேரம் 230, நாலு மணி நேரம் கரண்ட் கட். ஆவரேஜ் வோல்டேஜ் 115. 115 வோல்ட்ல 2000 வாட் ஹீட்டர் 500 வாட் தான் குடுக்கும். நிஜத்துல பாதி நேரம் 2000, பாதி நேரம் சைபர், சராசரி 1000 வாட். பாருங்க, சூடு பாதியா குறைஞ்சு போச்சு கணக்குல. ஒவ்வொரு ரீடிங்கையும் முதல்ல ஸ்கொயர் பண்ணி, அப்பறம் சராசரி எடுத்து, அப்பறம் ரூட். சைன் வேவுக்கு ஒரு சுத்துல பண்ண அதே வேலையைத் தான் ராத்திரி முழுசுக்கும் பண்றோம்.

இன்னொண்ணு, மிளகுக்கொடி, உங்களுக்கு ராத்திரி முழுசுக்கும் ஒரே நம்பர் எடுக்கவே கூடாது. மொத்த யூனிட் சரியா வரும், ஆனா எந்த நேரத்துல 40 டிகிரி தாண்டுச்சுன்னு தெரியாது. நிமிஷத்துக்கு ஒரு ரீடிங்னு 600 ரீடிங்கை டேபிளா குடுங்க, நேரம் ஒரு பக்கம், ஆர்.எம்.எஸ். ஒரு பக்கம், எல்மர் அதை வாங்கிக்கும். வேகமா சுத்தறதைத் தூக்கிப் போடலாம், மெதுவா மாறறதைத் தூக்கிப் போடக் கூடாது. 190க்கு விழுந்தா உங்க ஹீட்டர் 1365 வாட் தான், 240க்கு ஏறுனா 2178 வாட். வோல்டேஜ் 17 சதவீதம் கம்மியானா சூடு 32 சதவீதம் கம்மி ஆகுது.

ஜவ்வரிசி_ஆத்தூர்:

அட ஆமாங்க!! ஸ்கொயர் பண்ணி தான் கூட்டணும், யோசிக்கவே இல்ல. எங்க ஊர்ல மதியம் கட் ஆகும், அதுக்குத் தான் கணக்கும் நிஜமும் ஒட்டாம போச்சு போல. நாளைக்கே திருப்பிப் போடறேன், ரொம்ப நன்றி.

வைண்டிங்_அம்மாபேட்டை:

கண்ணு, நான் 30 வருஷமா ஹீட்டரும் மோட்டரும் கட்டறேன், சிமுலேஷன் எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனா மேல எழுதினதை முழுசாப் படிச்சேன். 2000 வாட்னு லேபிள்ல இருக்கறதை நம்பி 26.45 ஓம்னு போட்டுடாதே. கடைல வாங்குற ஹீட்டர் அஞ்சு பத்து சதவீதம் முன்ன பின்ன இருக்கும். வயரைக் கழட்டிட்டு மல்டிமீட்டர்ல அளந்து பாரு, அளக்கறப்ப ரெண்டு புரோபையும் ஒண்ணா முட்ட வச்சு மீட்டர் என்ன காட்டுதோ அதைக் கழிச்சுக்கோ, சில மீட்டர் அரை ஓம் சும்மாவே காட்டும். அப்பறம் குளிர்ந்த ஹீட்டர் காட்டற ஓமும் சூடான ஹீட்டர் ஓமும் ஒண்ணு இல்ல, ஆனா நிக்ரோம்ல பெருசா மாறாது, சிவக்கற அளவுக்குப் போனாலும் அஞ்சு சதவீதம் வாக்குல தான். தாமிரம்னா 100 டிகிரி ஏறுனாலே கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏறிடும், அதான் மோட்டர் சூடானா நாங்க ஓம் அளந்து உள்ள எத்தனை டிகிரின்னு சொல்றோம்.

ஒரு விஷயம் கட்டாயமா பாரு. ஃபேன் நின்னு போய் ஹீட்டர் மட்டும் எரிஞ்சா என்ன ஆகும்னு உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு. பொட்டி முழுக்க காஞ்ச காப்பி, பக்கத்துல சாக்கு இருக்கும், வீட்ல எல்லாரும் தூங்கறாங்க. ஹீட்டர் பக்கத்துலயே சூடு ஜாஸ்தியானா தானா கரண்டை நிறுத்தற தெர்மல் கட்அவுட் ஒண்ணு போடு, அதை டெம்பரேச்சர் கன்ட்ரோலரை நம்பாம நேரா ஹீட்டர் லைன்ல போடு. அதுல மட்டும் காசைப் பாக்காதே.

மிளகுக்கொடி:

அண்ணா, அங்கிள், எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. சைபர்லயே எட்டிப் பாத்துட்டு இருந்திருக்கேன்னு படிச்சதும் நோட்ல சைன் வேவ் வரைஞ்சு புள்ளி வச்சுப் பாத்தேன், எல்லாப் புள்ளியும் கோட்டு மேலயே உக்காந்திருக்கு. ஹீட்டர் அளந்தேன், 27.8 ஓம், 230ல 1900 வாட் தான் வருது. ஃபேன் ரெண்டும் அடாப்டர்ல ஓடறதால வோல்டேஜ் விழுந்தாலும் ஸ்பீடு மாறல, அது ஒரு நல்லது. கட்அவுட் வாங்கிட்டேன் அங்கிள்.

60 செகண்ட் ஸ்டெப்ல 10 மணி நேரம் ஒன்றரை நிமிஷத்துல முடிஞ்சுது!! 56 நாள் எங்க, இது எங்க. ஆனா ரெண்டு சந்தேகம். கன்ட்ரோலர் 20 செகண்ட் சைக்கிள்ல ஹீட்டரை ஆன் ஆஃப் பண்ணும், அதை மாடல்ல சேத்ததும் டெம்பரேச்சர் ரம்பப் பல்லு மாதிரி குதிக்குது, நிஜத்துல அப்படிக் குதிக்கல, தெர்மோகப்பிள் (டெம்பரேச்சர் அளக்கற கம்பி) வச்சுப் பாத்துட்டேன். இன்னொண்ணு, காலி பொட்டில கன்ட்ரோலரை பைபாஸ் பண்ணி ஃபுல்லா ஓட்டுனா சிமுலேஷன் 35 டிகிரின்னு சொல்லுது, தெர்மோகப்பிள் 39 காட்டுது. வோல்டேஜ் அந்த நேரம் 230 தான் இருந்துச்சு, நான் பாத்துட்டே இருந்தேன்.

வெள்ளைக்கல்:

முதல் சந்தேகம் சைன் வேவ்ல பட்ட அதே அடி தாங்க, இந்த தடவ 20 மில்லிசெகண்டுக்கு பதிலா 20 செகண்ட். உங்க ஸ்டெப் 60, கன்ட்ரோலர் சைக்கிள் 20, சால்வர் எட்டிப் பாக்கறப்ப ஹீட்டர் ஆன்ல இருந்தா சால்வர் முழு நிமிஷமும் ஆன்னு நெனச்சுக்குது, ஆஃப்ல இருந்தா முழு நிமிஷமும் ஆஃப். அதனால தான் ரம்பம். ரெண்டு வழி இருக்கு. கன்ட்ரோலரோட ஆன் நேரம் எத்தனை சதவீதம்னு எடுத்து வாட்டோட பெருக்கி வழவழன்னு குடுத்துடலாம், 60 செகண்ட் ஸ்டெப்பே போதும். இல்ல கன்ட்ரோலர் ஆன் ஆஃப் ஆகறதே எப்படின்னு பாக்கணும்னா ஸ்டெப்பை 2 செகண்டா குறைங்க, 18,000 ஸ்டெப், உங்க லேப்டாப்ல 40 நிமிஷம் ஆகும், டீ குடிச்சுட்டு வந்துடலாம். நான் உங்க இடத்துல இருந்தா முதல் வழில மொத்தத்தையும் ஓட்டிட்டு, ரெண்டாவது வழில முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் ஓட்டி ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாப்பேன்.

ரெண்டாவது, காத்துக்கு என்ன அடர்த்தி போட்டிருக்கீங்க? ஒரு கன மீட்டருக்கு 1.2 கிலோன்னு புஸ்தகத்துல இருக்கறதை அப்படியே போட்டிருந்தா அங்க தான் நாலு டிகிரி ஒளிஞ்சிருக்கு. அது கடல் மட்டத்து காத்து. ஏற்காடு 1500 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தம் ஆறுல ஒரு பங்கு கம்மி, 16 டிகிரில அடர்த்தி 1.02 வாக்குல தான் வரும். ஃபேன் தள்றது இத்தனை லிட்டர் காத்துங்கறதைத் தான், இத்தனை கிலோ காத்துங்கறதை இல்ல. லிட்டர் அதே, கிலோ கம்மி, அதே சூடை கம்மி காத்து வாங்கிக்குது, அதனால ஜாஸ்தி சூடாகுது. உங்க 35ல 16 கழிச்சா 19 டிகிரி ஏத்தம், அதை 1.2 பெருக்கி 1.02ஆல வகுத்துப் பாருங்க, 22 கிட்ட வரும், 16ஐக் கூட்டினா 38 தாண்டுது. மீதி தெர்மோகப்பிள் வச்ச இடத்தைப் பொறுத்தது, ஹீட்டர் ஃபின் நேராப் பாக்கற மாதிரி இருந்தா அதோட கதிர்வீச்சுல கூடக் காட்டும், நடுவுல ஒரு தகரத் துண்டை மறைப்பா வைங்க.

காப்பிக்குள்ள இருக்கற தண்ணியைச் சேத்தீங்களா? 20 கிலோல பாதி தண்ணின்னு வச்சு 11 சதவீதத்துக்குக் கொண்டு வரணும்னா எட்டே முக்கால் கிலோ தண்ணி போகணும், அதை ஆவியாக்க மட்டும் கிட்டத்தட்ட 6 யூனிட் வேணும். இதை விட்டுட்டா ஈரம் இருக்கற முதல் சில மணி நேரம் காப்பி நிஜத்தை விட ரொம்ப சூடாகற மாதிரி காட்டும்.

மிளகுக்கொடி:

அண்ணா, 1.2 தான் போட்டிருந்தேன். மாத்துனதும் 38.4 வந்துச்சு, தகரம் மறைச்சதும் தெர்மோகப்பிள் 38.6. நாங்க குடியிருக்கற ஊர் காத்தையே நான் கணக்குல எடுக்கல.

நேத்து ராத்திரி நிஜமாவே 20 கிலோ போட்டு ஓட்டுனோம், நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு பொட்டி பக்கத்துலயே உக்காந்து, ரீடிங்கை எழுதி வைக்கற லாகரைப் பாத்துட்டே இருந்தேன். 8 மணிக்கு 194 வோல்ட், பத்தரை வரைக்கும் 200ஐத் தாண்டல, ஃபுல் ஆன்ல கூட 30 டிகிரிக்கு மேல காத்து வரல. 12 மணிக்கு மேல மளமளன்னு ஏறி 1.40க்கு 241, கன்ட்ரோலர் மட்டும் இல்லைன்னா காத்து 40ஐத் தாண்டிருக்கும், அப்ப தான் அது மொத தடவையா ஹீட்டரை விட்டு விட்டு எரிய வச்சுது. இன்னிக்கு அந்த 600 ரீடிங்கையும் டேபிளா குடுத்து, ஆவியாகறதையும் சேத்து ஓட்டிப் பாத்தேன், ராத்திரி முழுக்க சிமுலேஷனுக்கும் தெர்மோகப்பிளுக்கும் ரெண்டு டிகிரிக்கு மேல வித்தியாசம் இல்ல. 230னு ஒரே நம்பர் வச்சு ஓட்டுனது 8 மணில இருந்து 11 மணி வரைக்கும் எட்டு டிகிரி கூடக் காட்டுது.

ஈரம் மட்டும் ஒட்டல. சிமுலேஷன் 12 சதவீதம்னு சொல்லுது. காலைல 6 மணிக்கு அம்மா வந்து அஞ்சு தட்டுல இருந்தும் ஒவ்வொரு கொட்டை எடுத்து தோலை உரிச்சு கடிச்சுப் பாத்தாங்க, கீழ் மூணு தட்டு டக்குனு உடைஞ்சுது, மேல் ரெண்டு தட்டு பல்லுல அமுங்குது, இதுக்கு இன்னும் ஒரு வெயில் வேணும்னு சொல்லிட்டு தட்டோட களத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் அஞ்சு தட்டையும் ஒரே கட்டையா வரைஞ்சிருக்கேன், கீழ் தட்டுல ஈரம் வாங்குன காத்து மேல் தட்டுக்குப் போறப்ப சூடும் கம்மி ஈரமும் ஜாஸ்தி, அதைத் தனித்தனியாப் பிரிக்கணும்னு இப்பத் தான் புரியுது. ரிவ்யூக்கு நாலு நாள் இருக்கு, இன்னிக்கு ராத்திரியே பிரிச்சு ஓட்டிட்டு இங்கயே போடறேன்.